அச்சமும் அழுகையும்
பிராங்கன்ஸ்டைன் படங்கள் பற்றி ஓர் ஆய்வு

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்துள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என்பன அவை. உலகில் இதுவரை வெளிவந்த பேய்ப்படங்களை எல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவற்றுள் பெரும்பாலானவை முதல் மூன்றனுள் அடங்கிவிடும். பேயும் பிசாசும் அணங்கின்பாற்படும். ஓநாய் மனிதனும் பெருங்குரங்கும் விலங்கின்பாற்படும். இருளில் பதுங்கி வந்து உயிர் கவரும் கொலைஞன் கள்வர்பாற்படுவான். நான்காவதாகிய இறையைப் பொருளாகக் கொண்ட பேய்ப்படங்கள் மிகச் சிலவே. இறை என்பதை அரசன் என்ற அளவில் நிறுத்திவிடாமல், பெற்ற தந்தை, கற்பிக்கும் ஆசான் என்றும் விரித்துப் பொருள் கொண்டால், அவ்வகையில் தலையாய படங்கள் இரண்டு உண்டு. ஒன்று 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’. மற்றொன்று 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’. இரண்டும் அமெரிக்காவின் யூனிவர்சல் படநிறுவனம் எடுத்தவை. ஜேம்ஸ் வேல் என்னும் ஆங்கிலேயர் இயக்கியவை.

பேய்ப்படத்தையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மக்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதை அறிந்தால், அவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதும் விளங்கிவிடும். இவ்விரு படங்களும் ஒரு பெரிய வினாவை எழுப்புகின்றன. தீயவன் பிறப்பிலேயே தீயவனா, அல்லது வளர்ப்பினால் தீயவனா என்பதே அவ்வினா. பிள்ளைகளைப் பெற்றோரும், பிள்ளைகளுக்குக் கற்பிப்போரும் நாள்தோறும் விடை கூற வேண்டிய வினா இது.

கதையும் கலைஞரும்

ஹென்றி பிராங்கன்ஸ்டைன் என்னும் இளம் அறிவியலறிஞன் இடுகாட்டிலிருந்தும் தூக்குமரத்திலிருந்தும் பிணங்களைத் திரட்டி, உறுப்போடு உறுப்பைப் பொருத்தி, மின்னலின் ஆற்றலால் அவ்வுடலுக்கு உயிரூட்டுகிறான். உயிர் பெற்றெழுந்த உருவத்தைப் பேணத் தெரியாமல் கைவிடுகிறான். அது தப்பியோடிக் கொலைகள் புரிகிறது. ஊரார் தீப்பந்தம் ஏந்தித் துரத்தி, ஒரு காற்றாலையினுள் வைத்துக் கொளுத்துகின்றனர். இஃதே முதற் படத்தின் கதைச் சுருக்கம். அவ்வுருவத்தைப் பூதம் என்றும் அரக்கன் என்றும் கூறுவது வழக்கம். நாம் இக்கட்டுரையில் ‘படைப்பு’ என்றே குறிப்போம்.

படைப்பாக நடித்தவர் போரிஸ் கார்லாஃப். முதற் படத்தின் தொடக்கத்தில் நடிகர் பட்டியல் வரும்போது, அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டுமே காணப்படும். படம் முடிந்த பிறகுதான் பெயர் வரும். தட்டையான உச்சந்தலை, கனத்த இமைகள், கழுத்தின் இருபுறமும் துருத்தி நிற்கும் மின்முனைகள் ஆகிய ஒப்பனையை அமைத்தவர் ஜாக் பியர்ஸ். அவ்வளவு கனத்த ஒப்பனையின் கீழிருந்தும் கண்களாலும் கைகளாலும் மட்டுமே துயரத்தை வெளிப்படுத்தியமை கார்லாஃபின் தனித்திறன் எனலாம்.

இவருக்கு நம் வட்டாரத்தோடு ஓர் உறவுத்தொடர்பும் உண்டு. சயாம் மன்னர் மோங்குட்டின் அரண்மனையில் ஆசிரியையாகப் பணிபுரிந்த அன்னா லியோனவன்ஸ் அம்மையாரும், கார்லாஃபின் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். அவ்வம்மையாரின் கணவர் 1859-இல் பினாங்கில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கணவரை இழந்த அம்மையார் சிங்கப்பூரில் ஒரு சிறு பள்ளி நடத்திப் பிழைத்து, பின்னர் 1862-இல் சயாமுக்குச் சென்றார். ஆசிரியத் தொழில் செய்த குடும்பத்தில் வந்தவர், கற்பிப்பாரற்ற ஒரு மாணாக்கனாக நடித்துப் புகழெய்தினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

மூளையின்மேல் சுமத்திய பழி

இப்படங்களுக்கு மூலமான நாவல் 1818-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் வெளியாயிற்று. எழுதியவர் மேரி ஷெல்லி. 1816-இல் செனீவா ஏரிக்கரையில் அவர் அக்கதையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. நாவலிலும் படைப்பு கொலை செய்கிறது. ஆயின் அது ஏன் கொலைபாதகனாயிற்று என்பதற்கு நாவல் கூறும் காரணம் தெளிவானது. படைத்தவன் அதைக் கண்ட கணமே வெறுத்து ஓடினான். கண்டவரெல்லாம் அடித்து விரட்டினர். அன்புக்கு ஏங்கிய உள்ளம் நஞ்சாயிற்று.

நாவலில் இல்லாத ஒன்றைப் படம் தன் கதையில் புகுத்திவிட்டது. ஹென்றியின் ஏவலாளாகிய பிரிட்ஸ் என்னும் கூனன் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு மூளையைத் திருடச் செல்கிறான். அங்கே இரு கண்ணாடிச் சாடிகள் உள்ளன. ஒன்றில் நல்ல மூளை; மற்றொன்றில் குற்றவாளி ஒருவனின் கெட்ட மூளை. நல்ல மூளையை எடுத்தவன் திடீரென எழுந்த ஓசைக்கு அஞ்சி அதைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறான். கெட்ட மூளையை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அதுவே படைப்பின் தலையில் வைக்கப்படுகிறது.

கதையின் விறுவிறுப்புக்காகச் சேர்த்த சிறு நிகழ்ச்சி என்று இதை விட்டுவிடுதல் முறையன்று. இந்த ஒரு சாடியினால் நாவலின் அறமே தலைகீழாகிவிடுகின்றது. படைத்தவன் குற்றம் மறைகிறது. விரட்டியடித்த ஊரார் குற்றம் மறைகிறது. எல்லாப் பழியும் ஒரு சாடிக்குள் இருந்த தசைப்பிண்டத்தின்மேல் விழுகிறது. “அதன் மூளையே அப்படி, நாம் என்ன செய்வது?” என்று எல்லாரும் கைகழுவிவிடலாம்.

இக்கருத்து படத்தை எடுத்தவர் தாமே புதிதாகக் கண்டுபிடித்ததன்று. அக்காலத்துக் காற்றிலேயே அது கலந்திருந்தது. இத்தாலியரான லொம்புரோசோ, குற்றவாளி பிறப்பிலேயே அமைகிறான், அவன் மண்டையோட்டின் அமைப்பே அதைக் காட்டிவிடும் என்று 1876-இல் ஒரு நூல் எழுதினார். 1927-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், அறிவுக்குறை உடையவர் என்று முடிவு கட்டப்பட்டோர்க்கு அவர் இசைவின்றியே கருத்தடை செய்ய வகைசெய்த வெர்ஜீனியா மாநிலச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வந்த நான்காம் ஆண்டில் இப்படம் வெளியாயிற்று. தமிழர்க்கும் இக்கொள்கை தந்த கொடுமை புதிதன்று. 1871-இல் பிரிட்டிஷார் இந்தியாவில் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம் எனக் கருதி, ஆடவரின் கைரேகையைப் பதிந்து, இரவுதோறும் காவல்நிலையத்தில் வந்து படுக்கச் செய்தனர். சென்னை மாகாணத்தில் அது 1947-இல் தான் ஒழிந்தது. குலம் என்றாலும் மூளை என்றாலும் கொள்கை ஒன்றே. மனிதனை அவன் செயல்கொண்டு அளவாமல், பிறப்புக்கொண்டு அளப்பதே அது.

படமே பழியை மறுக்கிறது

ஆயினும் இப்படத்தின் சிறப்பு யாதெனில், கதை வசனத்தில் கூறியதைக் காட்சியில் தானே மறுத்துவிடுவதுதான். இயக்குநர் வேல் அவர்களும் கார்லாஃபும் சாடியின் கூற்றை நம்பியதாகவே தோன்றவில்லை.

படைப்பு நடந்துவரும் முதற் காட்சியை நோக்குக. அறைக்குள் வந்த அதனை ஹென்றி உட்காரச் சொல்கிறான், அது உட்காருகிறது. சொன்னதைக் கேட்கும் பிள்ளை அது. பின்னர் ஹென்றி கூரையின் திறப்பை விலக்குகிறான். மேலிருந்து ஒளி விழுகிறது. வாழ்வில் முதன்முதலாக ஒளியைக் கண்ட அது, எழுந்து நின்று இரு கைகளையும் உயர்த்தி அவ்வொளியைப் பிடிக்க முயல்கிறது. கூரையை மூடியதும் ஒளி மறைகிறது. அப்பொழுது அது ஹென்றியை நோக்கிக் கைகளை விரித்து இறைஞ்சுகிறது. ஒரு சொல்லும் இல்லாமல், ‘அதைத் திரும்பத் தா’ என்று கேட்கும் கைகள் அவை. கற்க வேண்டும் என்ற வேட்கைக்கு இதைவிடச் சிறந்த உருவம் திரையில் காண்டல் அரிது. கெட்ட மூளையுடையது முதலில் தேடியது இரத்தத்தை அன்று, ஒளியை!

அதற்குக் கிடைத்த விடை என்ன? பிரிட்ஸ் தீப்பந்தத்தோடு ஓடி வருகிறான். ஒளியை விரும்பியதற்குச் சுடும் தீ காட்டப்படுகிறது. அஞ்சி அலறிய அதனைத் தாக்க வந்ததாகக் கருதிச் சங்கிலியால் பிணைத்து நிலவறையில் அடைக்கிறார்கள். அங்கே பிரிட்ஸ் சவுக்கால் அடித்தும் தீயைக் காட்டியும் துன்புறுத்துகிறான். அதன் முதற் கொலை அவனைக் கொன்றதே. அடுத்து, மயக்கமருந்து கொடுத்துத் தன்னை அறுக்க முனைந்த வால்ட்மன் என்னும் பேராசிரியரைக் கொல்கிறது. இவ்விரண்டும் பிறவிக் கொடுமையின் விளைவா, அன்றிப் பிழைத்தற்குச் செய்த போராட்டமா என்பதை நடுநிலையாளர் கூறட்டும்.

ஏரிக்கரைக் காட்சியே படத்தின் உயிர்நாடி. மரியா என்னும் சிறுமி படைப்பைக் கண்டு அஞ்சவில்லை. கைப்பிடித்து அழைத்துச் சென்று விளையாடக் கற்றுத் தருகிறாள். பூக்களைத் தண்ணீரில் போட்டால் அவை ஓடம்போல் மிதக்கும் என்று காட்டுகிறாள். படைப்பு மகிழ்ந்து சிரிக்கிறது. கையிலிருந்த பூக்கள் தீர்ந்ததும், பூப்போன்ற சிறுமியும் மிதப்பாள் என எண்ணி அவளைத் தூக்கி நீரில் எறிகிறது. அவள் மூழ்கிப்போகிறாள். அது பதறுகிறது, தடுமாறி ஓடுகிறது. இது கொலையன்று, பாடத்தைப் பாதி கற்ற மாணாக்கன் செய்த பிழை. ஒப்புமையை அவள் கற்பித்தாள். ஒப்புமையின் எல்லையைக் கற்பிக்க அவளுக்கும் வயதில்லை.

பின்னர் இப்படம் மறுவெளியீடு கண்டபோது, தணிக்கை கருதி இக்காட்சியின் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டனர். படைப்பு சிறுமியை நோக்கிக் கைநீட்டுவதோடு காட்சி முடிந்துவிடும். அடுத்துத் தந்தை பிணத்தைச் சுமந்து வரும் காட்சி வரும். இடையில் என்ன நடந்ததென்று பார்ப்போர் தாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். அக்கற்பனை உண்மையைவிடப் பன்மடங்கு கொடியதாயிற்று. 1980-களில் தான் அப்பகுதி மீண்டும் படத்தில் சேர்ந்தது. ஒருவன் கதையை முழுதும் கேளாமல் தீர்ப்புச் சொன்னால் என்ன நேரும் என்பதற்கு இவ்வெட்டே போதிய சான்று.

குடிசையில் நடந்த பள்ளி

இரண்டாம் படம் முதற் படத்தைவிட உயர்ந்தது என்பது பலர் முடிபு. நம் முடிபும் அதுவே. காற்றாலைத் தீயிலிருந்து பிழைத்த படைப்பு, தொடக்கத்திலேயே இறந்த சிறுமியின் பெற்றோரைக் கொன்றுவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயின் அதன்பின் நீரில் விழுந்த இடையர் மகள் ஒருத்தியைத் தானே காப்பாற்றுகிறது. ஏரிக்கரையில் அறியாமற் செய்த பிழையின் பாடத்தை அது கற்றுக்கொண்டுவிட்டது. அவளோ அலறுகிறாள், வேட்டைக்காரர் சுடுகின்றனர். நாவலிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. அங்கும் மூழ்கும் பெண்ணைக் காத்ததற்குக் கிடைத்த பரிசு துப்பாக்கிக் குண்டே.

காயத்தோடு காட்டில் அலையும் படைப்பு வயலின் இசையைக் கேட்டு ஒரு குடிசையை அடைகிறது. அங்கே வாழ்பவர் கண்பார்வையற்ற துறவி ஒருவர். உருவத்தைக் காண இயலாதவராதலின் அவர் அஞ்சவில்லை. புண்ணுக்கு மருந்திட்டு, உணவு தந்து, தனக்கு ஒரு துணை கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி கூறி அழுகிறார். படைப்பின் கன்னத்திலும் கண்ணீர் வழிகிறது. மறுநாள் பாடம் தொடங்குகிறது. ரொட்டி, பானம் என்று உணவின் பெயர்கள் முதலில் வருகின்றன. அடுத்து நண்பன் என்ற சொல். அதன்பின் நன்று, தீது என்னும் இரண்டு. தனிமை தீது, நட்பு நன்று என்று சொற்களைச் சேர்த்துக் கருத்தாக்கவும் துறவி கற்பிக்கிறார். அஞ்சி நடுங்கிய தீயைக்கூட, குளிர்காய உதவும்போது அது நல்லதென்று காட்டுகிறார்.

பாடமுறையில் பயிற்சி பெற்றோர் இவ்வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கையில் தொடக்கூடிய பொருளிலிருந்து உறவுக்கும், உறவிலிருந்து அறத்துக்கும் துறவி படிப்படியாக ஏறுகிறார். கண்ட பொருளிலிருந்து காணாத கருத்துக்குச் செல்லுதல் என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றது இதுவே. அவர் அடிக்கவில்லை, கடியவில்லை. மாணாக்கன் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லும்போதெல்லாம் மகிழ்கிறார்.

இதுவரை படைப்பை ‘அது’ என்று எழுதினோம். தமிழ் இலக்கணம் உலகத்துப் பொருளை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்துள்ளது. நண்பன் என்ற சொல்லின் பொருளறிந்து, நன்றும் தீதும் பகுக்கக் கற்ற ஒன்றை இனியும் அஃறிணையில் வைப்பது தகாது. துறவியின் குடிசையில் திணை மாறிவிட்டது. இனி ‘அவன்’ என்போம்.

நாவலிலும் படைப்பு மொழி கற்கிறான். ஆயின் அங்கே அவனுக்குக் கற்பிப்பார் எவருமில்லை. ஒரு குடும்பத்தார் ஓர் அயல்நாட்டுப் பெண்ணுக்கு மொழி கற்பிப்பதைச் சுவரின் விரிசல் வழியே ஒளிந்திருந்து கேட்டுக் கேட்டுத் தானே கற்கிறான். பள்ளிக்கு வெளியே நின்று கற்ற நம் ஏகலைவனை அவன் நினைவூட்டுகிறான். அக்குடும்பத்திலும் கண்ணிழந்த முதியவர் ஒருவர் உண்டு; அவர் ஒருவரே அவனை அன்போடு ஏற்கிறார். பிள்ளைகள் வந்ததும் அடித்து விரட்டுகின்றனர். படத்திலும் வேட்டைக்காரர் இருவர் வந்து துறவியையும் மாணாக்கனையும் பிரிக்கின்றனர். சண்டையில் குடிசை தீப்பற்றி எரிகிறது. பள்ளி மூடப்படுகிறது.

அரைகுறைக் கல்வியின் கேடு இனித்தான் வருகிறது. கல்லறை ஒன்றில் பிரிட்டோரியஸ் என்னும் வஞ்சகன் அவனைச் சந்திக்கிறான். மதுவும் சுருட்டும் தருகிறான். நண்பன் என்ற சொல்லை அவன் அறிவான் என்று கண்டதும், அச்சொல்லையே தூண்டிலாக்கி, உனக்கு ஒரு துணையைப் படைத்துத் தருகிறேன் என்று ஆசைகாட்டித் தன் ஏவலனாக்கிக்கொள்கிறான். நல்லாசிரியன் தொடங்கி விட்டதைத் தீயவன் எடுத்துப் பயன்கொள்கிறான். நாம் இடையில் விட்டுவிடும் பிள்ளைகளுக்குத் தெருமுனையில் காத்திருக்கும் ஆசிரியர் எத்தகையவர் என்பதை இங்குள்ளோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியில் அவனுக்கென்று படைக்கப்பட்ட பெண்ணும் அவனைக் கண்டு அலறுகிறாள். அப்போது அவன் செய்வது யாது? ஹென்றியையும் அவன் மனைவியையும் உயிரோடு போகவிடுகிறான். வஞ்சகனையும் தன்னையும் தன் இணையையும் மட்டும் அழித்துக்கொள்கிறான். யார் வாழத்தக்கவர், யார் வாழத்தகாதவர் என்று தீர்ப்புச் சொல்கிறான். சொல்லும்போது கண்ணீர் வடிக்கிறான். கெட்ட மூளையால் இது இயலுமா? சாடியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு பொய் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இரண்டு மறுப்புகள்

படைப்பு பேசியது பிழை, ஊமையாக இருந்தபோதுதான் அவன்பால் இரக்கம் மிகுதி என்று கார்லாஃபே கருதினார். நடிப்புக்கலை நோக்கில் அது பொருந்தலாம். ஆனால் கதையின் அற நோக்கில் அதை ஏற்பதற்கில்லை. ஊமைமேல் நாம் கொள்வது இரக்கம். பேசுபவனுக்கு நாம் மறுமொழி கூறியாக வேண்டும், அதுவே நீதி. இரக்கம் எளிது, நீதி அரிது. பேச்சு வந்ததனால்தான் இரண்டாம் படம் உயர்ந்தது.

வேறு சிலர், இவை பொழுதுபோக்குப் படங்கள், இவ்வளவு பொருள் காண்பது மிகை என்பர். அதற்குப் பின்வந்த படங்களே விடை. 1939-இல் வந்த மூன்றாம் படத்தில் படைப்பு மீண்டும் ஊமையாகிவிடுகிறான். கற்ற சொற்கள் எங்கே போயின என்று எவரும் வினவவில்லை. 1942-இல் வந்த நான்காம் படத்தில், வேறொருவன் மூளையைப் பொருத்திவிட்டால் எல்லாம் சீராகும் என்று கதை போகிறது. வஞ்சகன் ஒருவனின் மூளையே அங்கும் வந்து சேர்கிறது. 1948-இல் அவன் நகைச்சுவை நடிகரிடையே கேலிப்பொருளாகவும் ஆனான். எரிந்த குடிசையை மீண்டும் கட்டி அவனைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று பின்வந்தோர் எவருக்கும் தோன்றவில்லை. பொருளை விட்டுப் பூதத்தை மட்டும் எடுத்துக்கொண்டதனால் அப்படங்கள் தாழ்ந்தன.

தகப்பன் பெயர்

பொதுமக்கள் படைப்பையே பிராங்கன்ஸ்டைன் என்று அழைக்கின்றனர். அது படைத்தவன் பெயராயிற்றே என்று படித்தவர்கள் திருத்துவதும் உண்டு. திருத்தம் சரியே. ஆயினும் தந்தை பெயரைத் தம் பெயரோடு சேர்த்து எழுதும் வழக்கமுடைய நமக்கு, மக்களின் ‘பிழை’யில் ஒரு நியாயம் புலப்படுகிறது. படைத்தவன் அவனுக்குப் பெயரிடவில்லை. படத்தின் பட்டியலிலும் கேள்விக்குறியே. பெயரில்லாப் பிள்ளைக்கு உலகம் அவன் தகப்பன் பெயரை வழங்கி, ‘இவன் உன் மகன்’ என்று ஹென்றிக்குச் சுட்டிவிட்டது.

தொல்காப்பியனார் அழுகைக்கும் நான்கு நிலைக்களன் கூறியுள்ளார். பிறரால் இகழப்படும் இளிவு, உற்றதை இழக்கும் இழவு, முன்னை நிலை கெடும் அசைவு, வறுமை என்பன அவை. இந்நான்கும் ஒருங்கே உடையவன் இப்படைப்பு. ஆதலின் அச்சம் தருவதாகத் தொடங்கிய படம் அழுகையில் முடிகிறது. இதுவே இப்படங்களை மற்றப் பேய்ப்படங்களினின்றும் பிரித்துக் காட்டும் இலக்கணம்.

பெரும்பாலான வகுப்பறைகளில் பின்வரிசையில் ஒரு பிள்ளையின்மேல் சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. மண்டையில் ஏறாது, பரம்பரையே அப்படி, தோட்டத்துப் பிள்ளை வேறெப்படி இருக்கும் என்பன அச்சீட்டின் வாசகங்கள். ஒட்டியவர் ஆசிரியராகவும் இருக்கலாம், பெற்றோராகவும் இருக்கலாம். சீட்டைப் படித்துத் தீர்ப்பளிப்பது எளிது. கூரையைத் திறந்து ஒளியைக் காட்டுவதே கடமை. பிள்ளை கைநீட்டும்போது கூரையை மூடுவோர் பின்னர்த் தீப்பந்தம் தேடி ஓடுவதில் பயன் என்ன?